நிறுத்துப் பார்த்தது

ஸ்ரான்லி வீதியில் போன் திருத்துகிற கடை.
மேசையின் மூன்றாவது லாச்சியில்
செத்த பற்றரிகளுக்குக் கீழே,
சப்பாத்துப் பெட்டிகளில் பொறுக்கிய
ஈரம் உறிஞ்சும் குட்டிப் பைகள் நாலுக்கு நடுவில்
அது கிடக்கிறது:
பதினொரு காட் உள்ள பைக்கற்,
மேலே நெருப்புக் கக்கும் பல்லி,
ஒட்டிய விளிம்பு பல்லுப் பல்லாய்,
ஒரு பல்லும் உடையாமல்.

இரண்டாயிரத்து இரண்டில், பாதை திறந்த வருஷம்,
ஒஸ்லோவில் இருந்து வந்த மச்சான் இரண்டு தந்தான்.
ஒன்றை அவன் கை விலகும் முன்பே கிழித்துவிட்டேன்.
அந்தப் பதினொன்றுக்கும் கணக்குச் சொல்லுவேன்.
மூன்று, ரியூசனில் பின்வாங்கில் தோற்றது.
ஒன்று, சைக்கிள் கம்பியில் செருகி
நாவற்குழிப் பாலம் வரைக்கும் டர்ர்ரென்று ஓடியது.
ஒன்றை மழை தின்றது, ஒன்றை ஆடு.
ஒன்று இன்னும் வீட்டில்,
ஆடுகிற கட்டிற்காலுக்குக் கீழே நாலாய் மடிந்து.
மிச்சம் ஞாபகமில்லை.

மற்றப் பைக்கற்றைப் பற்றிச் சொல்ல
என்னிடம் ஒரு கதையும் இல்லை.
அது இருந்தது. அவ்வளவுதான்.

ரெஜிந்தன் காட் சேர்க்கிறவன். வங்கி வேலை,
கையில் எந்நேரமும் சனிரைசர் மணம்.
"உடைச்சியெண்டால் கடதாசி, உடைக்காட்டில் காசு."
அவன் தங்கை சுகிர்தா விடவில்லை:
"உடைக்காத தேங்காயை ஆர் கறிக்கு விடுறது?
உள்ளுக்கு அழுகினாலும் நீ விலைதானே சொல்லுவாய்."
ஒரு மணித்தியாலம், என் கடைக்குள்ளேயே.
கண்ணாடி மாற்ற வந்த ஒருவர் கேட்டுக்கொண்டு நின்றார்.
"உதுக்குள்ள என்ன இருக்கு, தம்பி?"
"தெரியாது ஐயா."
"தெரியாததுக்கோ இவ்வளவு விலை?"
"தெரியாததாலதான்."
சிரித்துவிட்டு, தன் போனைத் தூக்கி
நல்லாகச் சரிபார்த்துக்கொண்டு போனார்.

மினுங்குகிற காட் இருந்தால் பாரம் கூடுமாம்.
கஸ்தூரியார் வீதியில் ரெஜிந்தனுக்குத் தெரிந்த நகைக்கடை.
தராசில் எங்களுக்கு முன்னால் கிடந்தது
யாரோ ஒருத்தியின் கொடி.
அவள் காசை எண்ணாமல் கைப்பைக்குள் வைத்தாள்.
காற்றாடிக்குப் படாமல்
கண்ணாடிக் கூண்டைச் சாத்தினார் முதலாளி.
இலக்கங்கள் ஓடின, தயங்கின, நின்றன:
இருபது தசம் ஒன்பது ஏழு.
"பாரம்," என்றான் ரெஜிந்தன்,
பிள்ளை நிறை சொல்லுகிற தாதி மாதிரி.

அன்றிரவு லாச்சியைத் திறந்தேன்.
ஒட்டு அப்படியே. பல்லு அப்படியே.
ஆனாலும் ஆரோ உள்ளே போய் வந்த வீடு போல.
இருபத்திச் சொச்சம் வருஷம்
அதற்குள் எதுவும் இருந்திருக்கலாம்.
இப்போது ஒன்று இருக்க வேண்டும்.
இல்லாவிட்டால் ஏமாற்றம்.
உடைக்காமலே உடைக்கவும் வழி இருக்கிறது.

ஸ்காபரோவில் ஒருவர் படம் கேட்டார்,
வெயிலில் பிடித்து, நாலு பக்கமும்.
அவர் சொன்ன விலை ஏழு மாதக் கடைவாடகை.
வாங்கினால் திறப்பீர்களோ என்று எழுதினேன்.
விசரோ என்று கேட்டார்.
ஆக, அந்த மினுக்கத்தை
ஒரு கண்ணும் காணப்போவதில்லை.
ஒரு தராசு மட்டும் கண்டது.

சுகிர்தாதான் சொன்னாள்,
மழைக்கு ஒதுங்கி, குடையை வாசலில் உதறியபடி:
"நிறுத்தது கார்த்திகையிலே அண்ணை.
உப்புக்கட்டியே அழுகிற மாதம்.
எத்தினை வருஷத்துப் பழைய ஒட்டு,
கடதாசி தண்ணி குடிச்சிருக்காதோ?
அரைவாசிப் பாரம் உந்த மழையாயும் இருக்கும்."

ரெஜிந்தனிடம் பதில் இல்லை.
எனக்கு ஏனோ நெஞ்சு இளகியது.

ஸ்காபரோவுக்கு உள்ளதை எழுதினேன்:
இருபது தசம் ஒன்பது ஏழு, மாரி காலத்தில்.
இரண்டு நாளாய்ப் பதில் இல்லை.
பிறகு ஒரு வரி: கோடையில் திரும்ப நிறுத்து அனுப்புங்கோ.

அனுப்புவேனா தெரியாது.
நிறுத்த நாளில் இருந்து லாச்சியைக்
கையால் மெல்லத்தான் மூடி வந்தேன்.
இன்று, ஒரு கையில் திருப்புளி, மறு கையில் ஆரோவின் போன்,
முழங்காலால் ஒரு தள்ளு.
போய் மூடிக்கொண்டது.