ஒன்று குறைய

கோபன்ஹேகனிலிருந்து வந்த கடிதம்
ஒன்றே ஒன்றுதான் கேட்டது:
பிப்ரவரி பதினொன்றாம் தேதி இரவு நிலவரப்படி
ஸ்டெல்கூர் படகின் பணியாளர் பட்டியல்.
மற்ற இரவுகள் வேண்டாம்.
மற்றப் படகுகள் வேண்டாம்.
இரண்டு வேண்டாமுக்கும் அடியில் கோடு.

காப்பீட்டுக்காரர்கள் எட்டுப் பேர் என்கிறார்கள்.
கிளாக்ஸ்விக்கில் மார்யுன் என்றொருத்தி
ஒன்பது என்கிறாள்.
பதிவகத்தில் இருக்கும் எங்களிடம் எண்ணே இல்லை.
படகு மூழ்கிய மறுவாரம்
ஒழுங்கான யாரோ ஒருவர் அதன் வரிகளைத்
தரவுத்தளத்திலிருந்து துடைத்துவிட்டார்.
விதிப்படிதான்.

ஹோக்னி வங்கிப் பெட்டகத்திலிருந்து
நாடாவை எடுத்துவந்தான்,
ரொட்டியோடு ஒரே பையில்.
மேலே பென்சிலில் 'பிப்ரவரி'.
எந்த ஆண்டென்று
எழுதியவருக்குத் தெரிந்திருக்கும்.

டோர்ஸ்ஹாவ்னில் அன்று காற்று
கீழ்த்தளத்துக் கதவையும் தட்டியது.
அங்கேதான் எங்கள் பழைய யூனிக்ஸ் பெட்டி.
மூன்று மேலாளர்கள் அதை
ஓய்வுக்கு அனுப்பப் பார்த்தார்கள்.
மூன்று பேரும் ஓய்வு பெற்றாயிற்று.

நாடாவுக்குப் பக்கங்கள் கிடையாது.
தேதி சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது.
இத்தனை முற்றுக்குறி தாண்டு என்று
எண்ணிச் சொல்ல வேண்டும்.
இயக்கியின் பெயருக்கு முன்னால்
'என்' என்ற ஓர் எழுத்தையும் சேர்க்க வேண்டும்;
அதை விட்டால்
ஒவ்வொரு வேலைக்குப் பிறகும்
சொல்லாமலே தொடக்கத்துக்கு ஓடிவிடும்,
சந்தைக்கு அழைத்துப்போன பிள்ளை
வீட்டைப் பார்த்து ஓடுவதுபோல.

'என்' சேர்த்தேன்.
பத்து தாண்டு என்றேன்.
பத்தைத் தாண்டினால் பதினொன்று.
இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஓடும் தரவுத்தளத்தின்மேல் கை படாமல்
காலி வட்டில் ஓர் ஓரத்தில்
பணியாளர் அட்டவணையை மட்டும் இறக்கினேன்.
நாற்பது நிமிடம்.
ஹோக்னி தன் ரொட்டியையும்
பிறகு என் ரொட்டியையும் தின்றான்.

கேட்டேன்: ஸ்டெல்கூர்?
வந்தது எட்டு வரி.

எட்டு.
கடிதத்தின் எட்டு.
நேர்த்தியாக, ஒரு முரணும் இல்லாமல்.
பதில் மடலைத் திறந்து
'மதிப்பிற்குரிய' வரை அடித்துவிட்டேன்.
மணி இரண்டே கால். போர்வை நினைவு.

ஏனோ
அட்டவணையின் ஆகக் கடைசி வரியைப் பார்த்தேன்.
பத்தாம் தேதி, இரவு பத்து பதினான்கு.
அதற்குமேல் ஒன்றும் இல்லை.
பதினொன்றாம் தேதி
அந்த அட்டவணைக்கு இன்னும் விடியவே இல்லை.

நாடாவின் முதல் கோப்பு எந்த இரவும் அல்ல.
அது பெயர்ச்சீட்டு.
நான் அதையும் ஓர் இரவாக எண்ணியிருந்தேன்.

படித்து முடித்த இடத்தில்
இயக்கி முற்றுக்குறிக்கு இந்தப் பக்கம் நிற்கிறதா
அந்தப் பக்கமா?
இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும்.
நம்பவில்லை. முழுக்கச் சுற்றித்
தொடக்கத்திலிருந்து மறுபடி.
பதினொன்று தாண்டு.
நிலை கேட்டேன்.
கோப்பு எண் பதினொன்று என்றது.
ஹோக்னியையும் வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன்.
"பதினொன்று," என்றான்,
வாயில் வெண்ணெயோடு.

இன்னுமொரு நாற்பது நிமிடம்.

ஒன்பது வரி.
ஒன்பதாவது:
ரோகுவி, வயது பத்தொன்பது, தளப் பணியாள்.
சேர்த்த நேரம் மாலை ஆறு நாற்பது.
விடியும் முன்னால் படகு கிளம்பிவிட்டது.
யாருக்கோ காய்ச்சல்,
யாரோ தொலைபேசியில் கூப்பிட்டிருக்கிறார்கள்,
பத்தோடு பதினொன்றாக
இவன் ஏறியிருக்கிறான்.
பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில்
ஒரு முற்றுக்குறி.

இறக்கியதை நகலெடுத்துக் கையொப்பமிட்டேன்.
ஓரத்தைக் காலி செய்தேன்.
மற்ற இரவுகள் எல்லாம்
கேட்பாரின்றிச் சுருளுக்குள்ளேயே.
நாடா வெளியே வந்தபோது
வெதுவெதுப்பாக இருந்தது.

பணிப்பதிவேட்டில் எழுதினேன்:
'முதல் முறை ஒன்று குறைவாக எண்ணினேன்.
பிழை என்னுடையது.'
அதை எழுதத்தான் வேண்டுமா
என்று ஹோக்னி கேட்டான்.

பேனாவை அவனிடம் கொடுத்தேன்,
சாட்சிக் கையெழுத்துக்கு.