இரண்டாவது சாவி

ருஸ்தாவிக்கு வரும் கார்கள் எல்லாமே
யாரோ ஒருவருடைய கெட்ட நாளிலிருந்துதான் வருகின்றன.
நாங்கள் விசாரிப்பதில்லை.
நசுங்கிய பக்கத்தைத் தட்டி நிமிர்த்துவான் நுக்ஸார்.
வெடித்த காற்றுப்பைக்குப் பதில் பழந்துணியைத் திணித்து
மேலே தோல் ஒட்டுவான் அவன் மைத்துனன்.
சாவி தொலைந்த வண்டிகளுக்குச் சாவி செய்பவன் நான்.

இந்த நீல வண்டியில் நசுங்கல் இல்லை.
அதுதான் முதலில் உறுத்தியது.
வெள்ளத்தில் நின்ற சேற்றுக்கோடும் இல்லை.
ஓஹையோவிலிருந்து நாற்பத்தோரு நாள் கடலில் வந்தது,
விலை ஒரு பசுமாட்டின் விலை.
பின்னிருக்கையில் மட்டும்
அளவெடுத்தாற்போல் இரண்டு சதுரங்களை
வெட்டி எடுத்திருந்தார்கள்.
கண்ணாடி மூலையில் மெழுகுப் பென்சிலால் ஓர் எண்.
ஏல எண் என்று நினைத்துத்
துடைத்துவிட்டேன்.

சாவிக் குறியீட்டுக்காக
சேஸிஸ் நம்பரின் பதினேழு எழுத்துகளையும் போனில் தட்டினேன்.
குறியீடு வரவில்லை.
படம் வந்தது:
கல்குவாரியின் விளிம்பில் இதே நீலம்,
ஓட்டுநர் கதவு திறந்து கிடக்க,
பகல் வெளிச்சத்தில்
முன்விளக்குகள் வீணாய் எரிய.
ஹெலிகாப்டரிலிருந்து எடுத்தது.

மாரிபெத் ஸ்டோல்ட்ஸ். பத்தொன்பது வயது.
மீதியை நான் சொல்லப்போவதில்லை,
அந்த ஊரே பதினோரு மாதம் சொல்லித் தீர்த்திருக்கிறது.

போன் அரைகுறையாய் மொழிபெயர்த்தது.
'சான்றுப் பொருள்' என்று வரவேண்டிய இடத்தில்
'சாட்சி' என்று வந்தது.
சாட்சி நான்கு வருடம் காவல்துறை முற்றத்தில் நின்றதாம்,
பனியில், டயர் இறங்கி.
ஜூரிகள் பேருந்தில் வந்து
கைகளை முதுகுக்குப் பின்னே கட்டிக்கொண்டு
ஒருமுறை சுற்றிவந்தார்களாம்.
டென்னசியில் தகரக் கொட்டகை போட்டு
இப்படிப்பட்ட வண்டிகளுக்கு நுழைவுச்சீட்டு விற்கும் ஒருவன்
நல்ல விலை கேட்டான்.
இரண்டு பேர் சீட் பெல்ட் மட்டும் போதும் என்று
கடிதம் போட்டார்கள்.
அவள் அம்மா ஆர்லீன் கேட்டது ஒன்றே:
நசுக்குங்கள்.
அட்டைப்பெட்டி அளவு ஆகும்வரை
நான் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும்.

ஆனால் காகிதம் காப்பீட்டு நிறுவனத்தின் பேரில்.
அவர்களுக்குப் புகழும் வேண்டாம், அழுகையும் வேண்டாம்.
பேரில்லாமல், மூன்று படங்களோடு
ஏலத்தில் ஏற்றினார்கள்.
குறிப்பில் ஒரே சொல்: ஓடும்.

செய்தியின் அடியில் இன்னொரு வரி.
பழுப்பு உறையில் அம்மாவிடம் திருப்பித் தந்தவை:
மூக்குக்கண்ணாடி, நூலக அட்டை, கார் சாவி.
மற்றொரு சாவி அந்தக் குவாரித் தண்ணீரில்.

நுக்ஸார் அதற்குச் சாம்பல் நிறம் அடித்தான்.
சதுரங்களின் மேல் புதுத் துணி ஏறியது.
குத்தாயிசியிலிருந்து வந்தாள் எத்தேரி,
பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், முதல் கார்,
பணத்தை மூன்று தடவை எண்ணினாள்.
குதிரைமேல் ஈட்டியோடிருக்கும் புனிதரைக்
கையோடு கொண்டுவந்திருந்தாள்,
வாங்கும் முன்பே டாஷ்போர்டில் ஒட்டிவிட்டாள்.
"நல்ல வண்டிதானே?" என்றாள் என்னிடம்.
"ஓடும்" என்றேன்.

புதுச் சாவியைப் பொருத்தும்போது கருவி ஒன்று கேட்கும்:
பழைய சாவிகளை அழிக்கவா?
ஆம். இல்லை.
எப்போதும் ஆம்தான். திருடன் பயம்.
இருபது வருடத்தில் இந்தக் கேள்வியை
நான் படித்ததேயில்லை, விரல் பார்த்துக்கொள்ளும்.

அன்று படித்தேன்.

இந்த ரகக் கார் எட்டுச் சாவிகள் வரை ஞாபகம் வைத்திருக்கும்.
இடமிருந்தது.

எத்தேரி டீச்சர், மன்னிக்கவேண்டும்.
உங்கள் காரைத் திறக்கக்கூடிய ஒரு பெண்
உலகத்தில் எங்கோ இருக்கிறாள்.
சமையலறை இழுப்பறையில்,
ரப்பர் பேண்டுகளுக்கும் தீர்ந்த பேட்டரிகளுக்கும் நடுவே
வைத்திருப்பாள்.
சில இரவுகளில் எடுத்து அமுக்கவும் அமுக்குவாள்.
அவள் வரமாட்டாள்.
வந்தாலும் சாம்பல் நிறத்தில்
அடையாளம் தெரியாது.

பேசிய கூலியில்
பைசா குறைக்காமல் வாங்கிக்கொண்டேன்.