உப்பு வழியும் சுவர்

சியெஹொச்சினெக்கில் ஒரு மரச்சுவர்.
மூன்று மாடி உயரம். உள்ளே முட்செத்தை.
உச்சியிலிருந்து உப்புநீர் சொட்டிக்கொண்டே இருக்கும்.
எதிரே பெஞ்சுகளில் ஓய்வூதியக்காரர்கள்
வாயைத் திறந்து மூச்சிழுப்பார்கள்.
எதையும் கழுவிவிடும் இந்தக் காற்று என்பார்கள்,
நுரையீரலை, மூட்டுவலியை,
செத்துப்போன கணவனை.

பகலில் சேற்று வைத்தியம். இரவில் நடனம்.
நான் கிங்கா, சேறு பூசுகிறவள்.
பதினொரு வருடமாகப் பாதங்களைப் பார்க்கிறேன்.
முகம் பொய் சொல்லும்.
பாதம் அசடு, அதற்குத் தெரியாது.

லியோகாடியா பிப்ரவரியில் அரசுச் செலவில் வந்தாள்.
ஜூனில் சொந்தக் காசில் வந்திருக்கிறாள்.
காரணத்தின் பெயர் ரிஷார்ட்.

அவள் உள்ளங்காலில்
பழைய செம்புக்காசு நிறத்தில் புள்ளிகள்.
அரிக்கவில்லை என்றாள்.
கையைத் திருப்பச் சொன்னேன்.
அங்கேயும்.
"புது சோப்பு" என்றாள்.

வாளியை ஓரமாகத் தள்ளினேன்.
டாக்டரைப் பாருங்கள், ரத்தம் கொடுங்கள்.
எதற்கு என்றாள். சொன்னேன்.
கட்டில் ஆடும்படி சிரித்தாள்.

"எனக்கு அறுபத்தேழு.
பிள்ளை பிறக்கிற வயசா, உறையெல்லாம் தேட?
ரிஷார்ட் நில அளவையாளராக இருந்தவர்.
தினம் இரண்டு தடவை சவரம்.
நகத்தடியில் அழுக்குப் பார்த்ததில்லை.
சிபிலிஸ் துறைமுகத்துக்காரர்களுக்கு வருவது, கிங்கா.
அப்புறம்..."
கூரையைப் பார்த்தாள்.
"ஈஸ்டர் சமயம் ஒரு புண் வந்தது, இல்லையென்று சொல்லவில்லை.
வலிக்கவே இல்லை. தானாகவே போய்விட்டது.
போனது போனதுதானே?"

போகவில்லை, லியோகாடியா.
உள்ளே போயிருக்கிறது.
நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள்,
புகையில்லாமல் எரிகிற நெருப்பும் உண்டு.

இதை நான் சொன்னபோது
என் குரல் எனக்கே பிடித்திருந்தது.

வியாழக்கிழமை முடிவு வந்தது.
இடுப்பின் இரு பக்கமும் பென்சிலின்.
நொண்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தாள்.
ரிஷார்ட் என்ன சொன்னார்?
"கழிவறை இருக்கை என்கிறார்.
தனக்கு ஒன்றும் இல்லை, கண்ணாடியில் பார்த்தாராம்."
தேநீர் கொடுத்தேன். குடித்தாள். போனாள்.

கோப்பையைத் தேய்த்தேன்.
மறுபடி தேய்த்தேன்.
கொதிநீர் ஊற்றி, ஒரு காகிதத்தால் பிடித்து,
அலமாரியின் பின்வரிசைக்குத் தள்ளியபோது
வாசலில் லியோகாடியா,
மறந்துவைத்த கழுத்துத்துணிக்காக.

ஒன்றும் சொல்லவில்லை.
துணியை எடுத்து இரண்டாக மடித்தாள்,
நான்காக மடித்தாள்.

கைகழுவும் தொட்டிக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருக்கிறது.
அவளிடம் சொன்னதெல்லாம் அதில் படித்ததுதான்.
ஏழாவது வரி:
கோப்பையால் வராது, துண்டால் வராது,
கழிவறை இருக்கையால் வராது.
அந்த இடத்தில்
சோப்புத் தெறித்து எழுத்து மங்கியிருந்தது என்று
சொல்லிப் பார்த்தேன், எனக்கு நானே.
மங்கவில்லை.

சனிக்கிழமை நடனத்துக்கு அவள் போனாளாம்.
"நடனத்தை டாக்டர் தடுக்கவில்லை,
மீதியைத்தான்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாளாம்.
ரிஷார்டின் நாற்காலி காலி.
டோருனுக்கு பஸ் ஏறிவிட்டார்,
கண்ணாடியை நம்பி.

திங்களன்று வந்தாள்.
மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டுமாம்.
ஒருமுறை வந்தால் இனி வராது என்பதும் பொய்யாம்.
இதை எனக்குப் பாடம் போலச் சொல்லவில்லை,
பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள்.

பின்வரிசையிலிருந்து அந்தக் கோப்பையை எடுத்தேன்.
அவளுக்கு வேறொன்றில் ஊற்றினேன்.
இதில் எனக்கு.
முதல் மிடறுக்கு முன் ஒரு கணம் நின்றேன்,
மறைக்க மாட்டேன்.
அவள் அதையும் பார்த்தாள்.

சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டாள்.