மஞ்சள் கரு என் பங்கு

ஆறு முட்டை உடைக்கிறாய் காலையில்.
வெள்ளைக் கரு உன் வாணலிக்கு,
மஞ்சள் என் கிண்ணத்துக்கு.
கரகண்டாவில் பனி இன்னும்
ஜன்னலைத் திறக்க விடவில்லை.
சர்க்கஸ் விடுதியின் மூன்றாம் மாடியில்
ஒரே அடுப்பு, ஒன்பது குடும்பம்.
நமக்கு ஏழு மணியிலிருந்து ஏழேகால் வரை.

ஐம்பத்து மூன்று கிலோ நீ.
தராசைப் பார்த்துச் சொல்லவில்லை.
ஊஞ்சல் கம்பியில் முழங்காலை மடக்கி
தலைகீழாகத் தொங்குகிறவனுக்கு
மணிக்கட்டுதான் தராசு.
புத்தாண்டுக்கு மறுநாள்
இரண்டு குட்டிக்கரணம் போட்டு நீ வந்து விழுந்த கணமே தெரிந்தது,
அக்கா வீட்டில் பவுர்சாக் தின்றிருக்கிறாய்,
எண்ணெயில் உப்பிய அந்த மாவு உருண்டைகளை.
ஏழா எட்டா என்றேன்.
ஒன்பது என்றாய், வலையில் படுத்தபடி.

கர்லிகாஷ்,
உன் பெயருக்குத் தகைவிலான் குருவி என்று பொருள்.
அந்தக் குருவி பதினெட்டு கிராம்தானாம்.
அதற்கு யாரும் கணக்கு எழுதிக் கொடுப்பதில்லை.

இலையுதிர் காலத்தில் என் இடது தோள் கிழிந்தது.
டாக்டர் ரோசாலியா கென்ரிகோவ்னா
படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
என்னிடம் ஒன்றும் சொல்லாமல்
உன்னிடம் சொன்னாள்:
எடை ஏறக் கூடாது, வலு இறங்கக் கூடாது.
மருந்துச் சீட்டின் பின்பக்கம்
ஒரு கிலோவுக்கு இரண்டு கிராம் புரதம் என்று எழுதினாள்.
நீ டிராமிலேயே பெருக்கிவிட்டாய்.
குளிர்பெட்டிக் கதவில் சிவப்புப் பென்சிலால் 106.

அதன்பிறகு நம் வீட்டை அந்த எண்தான் ஆண்டது.
கோழி நெஞ்சு, தோல் உரித்து.
(தோல் போகுமிடம் நாய்கள் வித்தைக்காரன் வீடு;
அவற்றுக்கு இப்போது வளையம் தாண்ட முடியவில்லை.)
பல்காஷ் ஏரி மீன், ஆவியில் மட்டும்.
பாலாடை நீக்கிய தயிரைத் துணியில் கட்டி
ஆணியில் தொங்கவிட்டாய், இரவெல்லாம்.
அது என் தொழில் என்றேன்.
நீ சிரிக்கவில்லை. பசி.

குதிரைத் தொடையில் கொழுப்பு ஓடாத பக்கம் கேட்டாய்.
கறிக்கடை துலேகன் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்:
கொழுப்பு வேண்டாம் என்றால், மகளே,
குதிரையை ஓட்டிக்கொண்டே போ!

சட்டைப் பையில் குர்த் வைத்துக்கொண்டாய்,
வெயிலில் காய்ந்த தயிர்க் கல்.
கூடாரத்துக்குப் பின்னால் நீ கடிக்கிற சத்தம்
எனக்கு மேலே வரை கேட்கும்.
ஆனால் அதில் உப்பு.
உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும்.
நானூறு கிராம் என்றது தோள்.
மறுநாள் பை காலி.

எனக்கோ தினம் ஆறு மஞ்சள் கரு,
வெண்ணெயில் வதக்கி, ரொட்டியோடு.
வீணாக்கக் கூடாதே.

பிப்ரவரி. செவ்வாய்க்கிழமை ஒத்திகை.
நீ சரியாகத்தான் வந்தாய்.
கையும் கையும் சேர்ந்தன. சுண்ணாம்புத் தூள் பறந்தது.
பிறகு என் விரல்கள்
ஒவ்வொன்றாகக் கணக்கிலிருந்து விலகின.

கைவிட்டேன்.
மற்றவர்கள் அந்தச் சொல்லை
எத்தனையோ காரியத்துக்குச் சொல்கிறார்கள்.
நான் சொல்வது விரல்களை.

வலை உன்னை இரண்டு முறை எறிந்து பிடித்தது.
நீ மல்லாந்து கிடந்து
வெகுநேரம் என்னைப் பார்த்தாய்.
என் தோளை அல்ல.
வயிற்றை.

இன்று காலை பன்னிரண்டு முட்டை.
வாணலி நிறைய வெள்ளை.
மஞ்சள் பன்னிரண்டும் ஜாடியில்,
கோமாளியின் மனைவி நூடுல்ஸ் மாவு பிசைய.
என் தட்டில் இருந்ததைத் தின்றேன்.
ஈரக் காகிதம்.
மிளகாவது போடு என்றேன்.
போட்டாய். அதற்குக் கணக்கில்லையாம்.

குளிர்பெட்டிக் கதவில்
106க்குக் கீழே 184.
இரண்டால் வகுத்தேன். தொண்ணூற்றிரண்டு.
என் எடையை உன்னிடம் நான் சொன்னதே இல்லை.
டாக்டரிடமும் எண்பத்தைந்து என்றுதான் சொல்லி வைத்திருந்தேன்.

உனக்கும் மணிக்கட்டு உண்டு.

ஏழேகால்.
கதவைத் தட்டுகிறார்கள்,
வாணலியை நீ இன்னும் கழுவவில்லை.