மதிப்பீடு: ஜூலை முதல் செப்டம்பர் வரை

பெருங்குடி, ஆறாவது மாடி.
ஏசிக்குச் சால்வை போர்த்திக்கொண்டு
ஒரு மணி நேரத்தின் விலையை
ஊர் ஊராக விசாரிக்கிறேன்.

வர்ஜீனியாவில் மலிவு.
மும்பையில் கொஞ்சம் கூட.
சாவோ பாவ்லோவைப் பார்த்ததும்
தி. நகரில் சேலையின் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துச்
சத்தமில்லாமல் மடித்து வைப்பேனே,
அப்படி வைத்துவிட்டேன்.

நாலு கோர், பதினாறு ஜிபி.
எங்கும் அதே இயந்திரம்தான்.
கரண்ட் வேறு, வரி வேறு,
தரைக்கு யாரோ கேட்கும் வாடகை வேறு.
வேளச்சேரியில் இரண்டு படுக்கையறைக்கும்
மேடவாக்கத்தில் இரண்டு படுக்கையறைக்கும் உள்ள வித்தியாசம்.
அதையும் போன வாரம் இதே மாதிரி
அட்டவணை போட்டுப் பார்த்தேன்:
வாடகை, அட்வான்ஸ், லாரித் தண்ணீர்,
மழை பெய்தால் தெருவில்
எத்தனை நாள் நிற்கும் என்று ஒரு பத்தி.

"மலிவுன்னா எல்லாத்தையும் அங்கேயே வைக்க வேண்டியதுதானே?"
தணிகைவேல் கேட்கிறார்.
தூரம் சார். இருநூறு மில்லி செகண்ட்.
ஆவடியில் ஒருத்தர் மாத்திரைக்குப் பட்டனை அமுக்கினால்
அந்த அமுக்கல் கடலுக்கடியில் போய்த் திரும்ப வேண்டும்.
"கண்ணை மூடித் திறக்கிற நேரம்மா அது."
நாற்பது தடவை மூடித் திறக்கணும் சார்,
ஒரு பக்கம் வர.

பிறகு வகைகள்.
நினைத்தபோது எடுத்து நினைத்தபோது விடுவது
மழைநாள் ஆட்டோ: கேட்டதைக் கொடுக்க வேண்டும்.
மூன்று வருடத்துக்குப் பேசி வைத்தால் பாதி விலை,
ஆனால் மூன்று வருடம் கழித்தும் இருப்போம் என்று
கையெழுத்துப் போட வேண்டும்.
அந்தக் கட்டத்தை நிரப்பும் நாளில்தான்
பக்கத்து மேஜையில் யாராவது
பிரிவுக் கேக் வெட்டிக்கொண்டிருப்பார்கள்.
மூன்றாவது, மிச்சமிருப்பதை எடுப்பது. கொள்ளை மலிவு.
வேறொருவருக்குத் தேவைப்பட்டால்
காலி செய்ய இரண்டு நிமிடம்.

எங்கள் வீட்டுக்காரர்
இரண்டு மாதம் கொடுத்திருக்கிறார்.
நல்ல மனிதர்.

பதினேழாவது வரிசையில் ஓரிகான்.
எங்களுக்கு ஓரிகானில் எதுவுமே கிடையாது.
பெயர்: ஃபர்ஹானா-சோதனை-2.
ஃபர்ஹானா தீபாவளிக்கு முன்பே
பெங்களூர் கம்பெனிக்குப் போய்விட்டாள்.
எட்டு மாதமாக இது மட்டும்
யாரும் கேட்காத கேள்விக்குத் தயாராக
விழித்துக்கொண்டிருந்திருக்கிறது.
பதிவேட்டைத் திறந்தால்
நிமிடத்துக்கு ஒருமுறை தன்னையே விசாரித்து
தானே எழுதி வைத்திருக்கிறது:
நலம். நலம். நலம்.

போன் செய்தேன்.
"ஐயோ, அது இன்னுமா இருக்கு?"
சிரித்தாள். எவ்வளவு ஆச்சு என்றாள். சொன்னேன்.
"என் ஹாஸ்டல் வாடகையைவிட ஜாஸ்திடி."

அழிப்பதற்கு முன்
பெயரை முழுதாக அடித்து உறுதிசெய்யச் சொல்கிறது.
அடித்தேன்.
ஒரு எழுத்து தவறி, மறுபடி அடித்தேன்.

இனி வரும் மூன்று மாதம்.
மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு,
நடுவில் நாங்கள் நம்பும் கோடு.
மழை வந்தால் தேங்கும்,
தேங்கினால் காய்ச்சல்,
காய்ச்சலென்றால் இரவு பதினொரு மணிக்கு
ஊரே பாராசிட்டமால் தேடும்,
எங்கள் சர்வர்கள் ஒன்றுக்கு மூன்றாகும்.
ஆக, செப்டம்பர் கட்டணத்தைச் சரியாகச் சொல்ல
சைதாப்பேட்டைக் கொசுவைத்தான் கேட்க வேண்டும்.
பதினெட்டு சதவீதம் கூட்டிப் போட்டேன்.
ஏன் பதினெட்டு என்று யாரும் கேட்கவில்லை.

ஜூலை பில் வந்தது.
கணிப்பைவிடக் குறைவு.
குறைந்தாலும் தவறு தவறுதானாம்,
காரணம் எழுதச் சொன்னார்கள்.
சூத்திரம் பழைய எட்டு மாதத்தைப் படித்து
ஃபர்ஹானாவுக்கும் மூன்று மாதத்துக்கு
ஒதுக்கி வைத்திருந்தது.
எழுதினேன்:
ஒருவர் காலி செய்துவிட்டார்.

மேடவாக்கம் வந்து ஒன்பது நாள்.
பிரிக்காத பெட்டிகளுக்கு நடுவே
காலை ஐந்தரைக்குச் செல்போன் ஒளிர்கிறது:
வேளச்சேரி வாசலில் அரை லிட்டர் பால்,
பணம் எடுக்கப்பட்டது.
நிறுத்த வேண்டும்.
நாளைக்கு.