நூற்று நாற்பத்தேழாவது சுற்று

புகையிலை வயலை வட்டமாக உழுதுதான்
வர்ஜீனியாவில் எங்கள் பந்தயம் பிறந்தது.
முதல் பரிசு நாற்பது டாலர், ஒரு பன்றித்தொடை.

அறுபத்தாறில் தார்.
பெட்ரோல் பஞ்சத்தில் பதினைந்து சுற்று குறைந்தது,
திரும்ப வளரவே இல்லை.
கார்கள் உரசிவிட்டுப் போன சுவரைச் சுரண்டினால்
எல்லா வருஷமும் நிறம் நிறமாய் உதிரும்.

கேடயத்தில் ஐம்பத்தெட்டுக்கு நேரே
ஓடெல் ஷிஃப்லெட்.

அன்று பலகை மேடையில் நான், பென்சிலோடு.
கார் கடந்தால் ஒரு கோடு.
நூற்று நாற்பத்தேழில் கண்ணில் மண்.
ஏதோ ஒன்று உறுமிப் போனது.
கோடு போட்டேன்,
யார் பெயருக்கு நேரே என்று பாராமல்.

டார்சி பம்கார்னர் இரண்டாமிடம்.
காரை விற்றுவிட்டு மரமறுக்கப் போனான்.
இப்போதும் சனிக்கிழமைகளில் வருகிறான்,
காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு.
டிக்கெட்டை நீட்டி
"சௌக்கியமா வெல்டா?" என்பான்.

கணக்கு சரிதான் என்கிறேன்.