அறுபத்தொன்று

"பெயரை மட்டும் தாங்கோ பிள்ளை,
சுயேச்சைக் குழுவுக்கு இன்னும் ரெண்டு பொம்பிளை குறையுது"
என்றார் நில அளவையாளர் கதிரமலை.
ஓய்வுபெற்றும் இன்னும் எல்லாவற்றையும்
கண்ணால் அளந்துகொண்டிருப்பவர்.

கச்சேரிக்கு எதிரே என் கொப்பிக் கடை.
என் அடையாள அட்டையை நானே வைத்து
நானே மூடி
பச்சைப் பொத்தானை நானே அமத்தினேன்.
பதினாலு வருசமாய் வவுனியாவின் கடதாசியெல்லாம்
இந்தக் கண்ணாடியில் முகங்குப்புறக் கிடந்திருக்கிறது:
காணி உறுதி, மரணச் சான்றிதழ்,
காணாமற்போன பிள்ளையைத் தேடுகிற படிவம்.
மூலம் மங்க மங்க
கொப்பியின் கொப்பி, அதன் கொப்பி.
என்னுடையது
அன்றைக்குத்தான் முதல் முறை.

சின்னம் பூட்டு.
"பூட்டோ?" சிரித்தான் மச்சான் ஜெயரூபன்,
"அப்ப திறப்பு ஆரிட்டயாம்?"
மாத்தளன் மணலைத் தாண்டி வந்த நாளில்
என் இடுப்பில் முடிந்திருந்தது ஒரு திறப்பு.
திரும்பிப் போனபோது
கதவும் இல்லை, கதவைப் பிடித்திருந்த நிலையும் இல்லை.
அவனுக்கு அதைச் சொல்லவில்லை.
நானும் சிரித்தேன்.

துண்டுப்பிரசுரம் வெளியில் அடிக்கக் காசில்லை.
இரவில் கடையைச் சாத்திவிட்டு
என்னை நானே அடித்தேன்.
முந்நூறாவது தாளில் மை குறைந்து
தோடு போனது.
நானூற்றைம்பதில் கண்கள்.
அதையும் கொடுத்தேன்,
வேறு வழி?

பெயரை மட்டும் என்றுதான் சொன்னார்.
எனக்கோ கால் நிற்கவில்லை.
தோணிக்கல் ஒழுங்கைகளில்
ஒவ்வொரு படலையாய்த் தட்டினேன்.
நாய்களுக்கெல்லாம் என்னைத் தெரிந்துவிட்டது.
வாய்க்கால் வீட்டு முற்றத்துக்குள் ஏறுவதை
ஒரு தடியால் கிண்டிக் காட்டினார்கள்.
"ஐஞ்சு வருசத்துக்கு முதல் வந்தவரும்
இதே இடத்திலதான் மூக்கைப் பொத்தினவர்."
நான் பொத்தவில்லை.
அது கெட்டித்தனம் இல்லை,
இரண்டு கையிலும் தாள்.

செல்வபாக்கியம் அக்கா வாசிக்கவில்லை,
திருப்பிப் பின்பக்கம் பார்த்தா.
"ஒரு பக்கம் வெறுமையாக் கிடக்கு,
பேரன் கணக்குச் செய்வான்.
இன்னும் பத்துத் தா."
கொடுத்தேன்.
என் முதுகில் அவன்
பின்னங்களைப் பெருக்கட்டும்.

எல்லா வீட்டிலும் தேத்தண்ணி.
எல்லா வீட்டிலும் "உங்களுக்குத்தான் பிள்ளை."
ஒருநாள் பதினொரு தேத்தண்ணி குடித்துவிட்டு
நித்திரை வராமல் படுத்திருந்து கூட்டிப் பார்த்தேன்:
நானூற்றுப் பன்னிரண்டு.
வென்றுவிடுவேனோ என்று
அப்போதுதான் பயம் வந்தது.

வாக்குச்சீட்டில் என் பெயர் இல்லை.
யாருடையதும் இல்லை, சின்னங்கள் மட்டும்.
மட்டை மறைப்புக்குள் குனிந்து
எனக்குப் பக்கத்துப் பெட்டியில்
புள்ளடி போட்டேன்.
பேனை நடுங்கி
ஒரு கால் கோட்டைத் தொட்டது.
செல்லுமோ செல்லாதோ.

அன்று இரவே அதே பள்ளிக்கூடத்தில் எண்ணினார்கள்.
எங்கள் முகவர் சசிரேகா
தொலைபேசியில் முதலில் மூச்சை விட்டாள்,
பிறகு எண்ணைச் சொன்னாள்.
அறுபத்தொன்று.
கதிரமலையர் "பரவாயில்லை, எல்லை போட்டாச்சு" என்றார்.
எந்த எல்லை, யாருக்கு,
நான் கேட்கவில்லை.

சொந்தக்காரர் இருபத்திரண்டு.
ஜெயரூபனைக் கழித்தால் இருபத்தொன்று.
மிச்சம் நாற்பது பேர் ஆர்?

மறுநாள் எட்டரைக்குக் கடை திறந்தேன்.
வருகிற ஒவ்வொரு முகத்தையும்
மூலத்தோடு ஒப்பிடுவதுபோல் பார்த்தேன்.
நீயோ? நீங்களோ?
சில்லறையை எண்ணாமல் எடுத்துப் போன
அந்த மீன்காரரோ?
வென்றவரும் வந்தார்,
சத்தியப்பிரமாணத்துக்கு ஏதோ கடதாசி.
நல்ல வெளிச்சமாய் எடுத்துக் கொடுத்தேன்.
இருபது ரூபாய்.
கழிவு கேட்கவில்லை, அது அவருடைய பெருந்தன்மை.

பின்னேரம்
வாய்க்கால் வீட்டுக்காரி வந்தா,
மாநகரசபைக்கு ஒரு முறைப்பாட்டுக் கடிதம்,
எழுத்தெல்லாம் பேரனுடையது.
"எத்தனை கொப்பி அக்கா?"
"ஒண்டு காணும்."

இரண்டு எடுத்தேன்.
ஒன்றுக்குத்தான் காசு வாங்கினேன்.
மற்றதைத் துளைபோட்டுக் கோவையில் செருகியபோது
இயந்திரம் இன்னும் சுடச்சுட இரைந்தது.
கோவைக்கு வெளியில்
என்ன பெயர் எழுதுவது என்று தெரியவில்லை.
வட்டார இலக்கத்தை மட்டும்
போட்டு வைத்தேன்.